ஒன்பது பக்கம்

வாசல் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பின் மேல் மூலை மூன்றாவது முறையாகக் கழன்று தொங்கியது. சின்னவன் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். விடிந்ததும் விடியாததுமாகக் கடையைத் திறந்து அவனே வடிவமைத்து அச்சடித்தது. அண்ணனின் படம், அதைச் சுற்றி மெல்லிய இரட்டைக் கோடு, கீழே சாம்பல் நிறத்தில் பிறந்த தேதியும் இறந்த தேதியும். அந்தச் சாம்பல் நிறம் சரியாக வரும்வரை நான்கு முறை அச்சடித்துப் பார்த்திருந்தான். காலையிலிருந்து நூறு பேராவது அதைத் தாண்டி உள்ளே போயிருப்பார்கள். ஒருத்தராவது நின்று பார்க்க வேண்டுமே!

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் போஸ்டரை ரசிக்க வரவில்லை என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், இந்தத் தடவையும் அண்ணன்தான் ஜெயித்தான்.

அண்ணனுடைய அலுவலக மேலாளர் வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் இருபத்தைந்து வருடமாக இயந்திரங்களுக்குக் கையேடு எழுதியவன். தண்ணீர் பம்பு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, துணி துவைக்கும் இயந்திரம் என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் படிக்காமல் அலமாரியில் போடுவது, அதை எழுதுகிற வேலை.

"உங்க அண்ணன் மாதிரி இன்னொருத்தர் கிடைக்க மாட்டார் சார். ஒரு மெஷினுக்கு ஒரே ஒரு ஃபைல்தான் எழுதுவார். வெறும் எழுத்து, நடுநடுவுல நாலஞ்சு குறி, அவ்வளவுதான். அதுல இருந்தே அச்சுப் புத்தகம், வெப்சைட், ஃபோன்ல படிக்கிறது, வேர்டு ஃபைல், எல்லாமே ஒரே தட்டுல வந்து விழும். நீங்களும் இதே லைன்தானே சார்?"

"டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன்."

"ஓ" என்றார் மேலாளர்.

அந்த 'ஓ', வண்டி வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போகும்வரை சின்னவன் காதிலேயே இருந்தது.

அவனும் இருபத்திரண்டு வருடமாக எழுத்துகளோடுதான் மாரடிக்கிறான். ஒவ்வொரு தலைப்பையும் தேர்ந்தெடுத்து, தடிமனாக்கி, அளவை மாற்றி, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் இடம் விட்டு, கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்வான். வாடிக்கையாளர் வந்து தலைப்பெல்லாம் நீலமாக இருக்கட்டும் என்றால் அன்றைய பொழுது போச்சு. அண்ணன் ஒருமுறை கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏண்டா ஒவ்வொண்ணா மாத்திட்டிருக்கே? எது தலைப்புன்னு மட்டும் சொல்லிவை. அது எப்படித் தெரியணும்ங்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்." ஒரு வரிக்கு முன்னால் ஒரு சமக்குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உட்தலைப்பு, நட்சத்திரம் போட்டால் பட்டியல். தம்பி மூன்று நாள் முதுகு வலிக்கச் செய்கிற வேலை அண்ணனுக்கு மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிடும். அதற்காக ஒருவன்மேல் ஆத்திரப்பட முடியுமா என்றால், முடியும். சின்னவன் பட்டான்.

ஆனால் அதுகூடப் பெரிதில்லை. பெரியது அம்மா. அப்பா போன பிறகு அம்மா அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டாள். இரண்டு வருடமாக அவளுக்கு மறதி. முதலில் சாவி, பிறகு தேதி, பிறகு மனிதர்கள். ஆரம்பத்தில் சின்னவன் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தான். எப்போது வந்தாலும் அண்ணன், அம்மாவின் அறை வாசலிலேயே நின்று, "இப்பதாண்டா படுத்தாங்க, எழுப்ப வேணாம்" என்பான். கதவிடுக்கில் அம்மாவின் முதுகு தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டுக் கிளம்புவான். ஞாயிறு, மாதத்துக்கு ஒரு ஞாயிறானது. அம்மாவுக்குப் பெரியவன் போதும், தான் எதற்கு என்று அவனுக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது. அண்ணனுக்கு நோய் முற்றிய பிறகு வந்தது, அவன் ஊசிக்குப் போய்வரும் நாட்களில் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி ஒன்று. வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். வாசல் அறிவிப்பை மறுபடி ஒட்டிவிட்டு, டேப் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சின்னவனிடம் அண்ணி வந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். கையில் அண்ணனின் மடிக்கணினி.

"தம்பி, அம்மாவைப் பாத்துக்க நர்ஸ் ஒருத்தர் இன்னிக்கே வந்துட்டாங்க. உங்க அண்ணன் போன வாரமே ஏற்பாடு பண்ணிவச்சது. அம்மாவுக்கு என்னென்ன செய்யணும்னு எல்லாத்தையும் எழுதியும் வச்சிருக்கார். அதைப் பிரிண்ட் எடுத்து அவங்க கையில குடுக்கணும்."

"குடுத்துடலாம் அண்ணி."

"உங்க கையாலதான் எடுக்கணும்னு சொன்னார்." அண்ணி மடிக்கணினியின் மூடியைத் திறந்தாள். ஓரத்தில் மஞ்சள் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அண்ணனின் உருண்டைக் கையெழுத்தில் ஒரே ஒரு வரி, கணினிக்குக் கொடுக்கும் கட்டளை. "இந்த வரியைத் தட்டினாலே போதுமாம். ஆனா அவன் தட்ட மாட்டான், அவன் வழியிலதான் செய்வான்னு சொல்லிச் சிரிச்சார்."

அண்ணி உள்ளே போனதும் சின்னவன் அந்த வரியைத் தட்டினான். அண்ணன் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே தட்டினான். மனதுக்குள் ஒரு சின்ன ஆசையும் இருந்தது. இந்த மாதிரிக் கருவிகளில் தமிழ் வந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும் என்று தொழில்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறான். சிதறட்டும். சிதறினால் இந்தக் கடைக்காரன் கை வேண்டும்.

நான்கு நொடி. ஒன்பது பக்கம். ஒரு கொம்புகூட நகரவில்லை. பக்க எண், பொருளடக்கம், வரிகளுக்கு நடுவில் இடைவெளி, எல்லாம் அவன் கண்ணுக்கே குறை தெரியாமல் இருந்தது. முதல் பக்கத்தில் 'அம்மா: பயன்படுத்துவோர் கையேடு. பதிப்பு 0.9' என்றிருந்தது. சாகப்போகிற நேரத்திலும் இவனுக்குக் கிண்டல் குறையவில்லை.

படித்துப் பார்த்தான். 'குளியல்: தண்ணீரை முதலில் கையில் தொட்டுக் காட்டவும். சொல்லாமல் தலையில் ஊற்றினால் அடி விழும்.' 'கோபம் வரும்போது: துவைத்த துண்டுகளைக் கலைத்துக் கொடுத்தால் மடிக்கத் தொடங்குவாள். மடித்ததும் கோபம் போய்விடும்.' 'உணவு: கஞ்சி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பத்து நிமிடம் கழித்து மீண்டும் முயலவும்.' அம்மாவைப் பற்றி இவ்வளவும் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. சின்னவனுக்கு இதில் ஒரு வரி தெரியாது. காகிதம் இன்னும் அச்சாகவில்லை, அதற்குள் அதைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது.

'நர்சுக்கு எழுத்து பெரிசா வேணும். இது எடுபடாது' என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, பையிலிருந்து தன் மடிக்கணினியை எடுத்தான். அண்ணனின் மூல ஃபைலைத் திறந்து முழுவதையும் அப்படியே அள்ளி, தன் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொட்டினான். சமக்குறிகளை அழித்துத் தலைப்புகளைக் கையால் அமைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கான புத்தகம் தம்பி கையால் வந்ததாக இருக்கட்டும். முதலில் ஒரு ஒப்பீட்டுக்காக அதே தாள் அளவும் அதே எழுத்து அளவும் வைத்தான்.

பதினான்கு பக்கம் வந்தது.

மறுபடி பார்த்தான். பதினான்குதான். ஓரத்தை ஏதாவது அதிகமாக விட்டுவிட்டேனா என்று சரிபார்த்தான். இல்லை. அண்ணனிடம் ஒன்பது பக்கத்தில் அடங்கியது தன்னிடம் வந்ததும் எப்படி ஊதியது என்று எரிச்சலோடு முதல் பக்கத்திலிருந்து இறங்கினான். மூன்றாம் பக்கத்தில் புரிந்தது. நிறைய வரிகளுக்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள் இருந்தன. எழுதுகிறவன் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகள். கட்டளையைத் தட்டினால் கருவி அவற்றைத் தாண்டிப் போய்விடும். புத்தகத்தில் வராது, வலைப்பக்கத்தில் வராது, எதிலும் வராது. ஃபைலை அப்படியே அள்ளிக் கொட்டுகிற ஒருவன் கண்ணில்தான் படும்.

'// நர்சுக்குக் காபியா டீயா என்று கேட்டுவைக்கவும்.'

அதற்குப் புன்னகைத்தான். அடுத்தது உணவு என்ற தலைப்பின் கீழ்.

'// மேலே எழுதியது பொய். பத்து நிமிடம் இல்லை, பத்து மணி நேரம் ஆனாலும் வாயைத் திறப்பதில்லை. "சின்னவன் வந்திருக்கேன்மா" என்று சொன்னால்தான் திறக்கிறாள்.'

சின்னவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

'// முதல் தடவை அவளாகத்தான் அப்படிக் கூப்பிட்டாள். இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், தட்டைத் தள்ளிவிட்டாள். சரி என்றேன், சாப்பிட்டாள். அன்றிலிருந்து நான்தான் சின்னவன்.'

'// குளிக்கச் சின்னவன், மாத்திரைக்குச் சின்னவன். இரண்டு வருடத்தில் பெரியவன் எங்கே என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.'

'// தம்பி வருகிற ஞாயிறுகளில் சீக்கிரமே சாப்பிட வைத்துப் படுக்க வைத்துவிடுகிறேன். அவன் உள்ளே வந்தால் அம்மா என்னை அவன் பெயரால் கூப்பிடுவது அவன் காதில் விழும். விழக் கூடாது. அவன் ஒன்றுமே செய்யாமல் வாங்கிக்கொள்கிறான், நான் எல்லாம் செய்தும் எனக்கு இல்லை. இது தப்பு. அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும்.'

'// இதை அச்சில் போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போடாவிட்டால் எனக்குப் பிறகு அம்மா பட்டினி. யோசிக்கணும்.'

முதலில் வந்தது கோபம்தான். எத்தனை ஞாயிறு! அந்த முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்த ஒவ்வொரு ஞாயிறும் நினைவுக்கு வந்தது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டி இன்னும் இருந்திருந்தால் அதன் முன்னால் போய் நின்று கத்தியிருப்பான். கோபம் முழுதாக மேலேறுவதற்குள் அடியிலிருந்து இன்னொன்று பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷம். அண்ணன் செத்த அன்றைக்கு, அவன் வீட்டில், அவன் மேசையில் உட்கார்ந்து சின்னவன் சந்தோஷப்பட்டான். அண்ணனுக்கு என்மேல் பொறாமை! அம்மா கேட்டது என்னை. இரண்டு வருடமாக, மூன்று வேளையும், என்னைத்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அந்தச் சந்தோஷத்தை அவனால் நிறுத்த முடியவில்லை.

உள்ளறையிலிருந்து நர்ஸ் வந்தாள். நடுத்தர வயது, தோளில் ஒரு துண்டு. கையில் கஞ்சிக் கிண்ணம் நிறைய அப்படியே இருந்தது.

"சார், அம்மா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. காலையில இருந்து ஒண்ணும் உள்ள போகல. மாத்திரை வேற குடுக்கணும். ஏதோ எழுதி வச்சிருக்காங்கன்னு மேடம் சொன்னாங்களே?"

"குடுங்க இப்படி." கிண்ணத்தை ஏறக்குறையப் பிடுங்கினான். "நான் பாத்துக்கறேன்."

அம்மா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த துண்டுகள். மெலிந்துபோயிருந்தாள், ஆனால் தலைமுடி படிய வாரி நேர்வகிடு எடுத்திருந்தது. நேற்று ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்வரை அண்ணன்தான் தினமும் வாரிவிடுவானாம். சின்னவன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து ஊதி, வெதுவெதுப்பைப் பார்த்துக்கொண்டான்.

"அம்மா, சின்னவன் வந்திருக்கேன்மா."

அம்மா அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவன் மணிக்கட்டில் மாட்டியிருந்த டேப் வளையத்தைப் பார்த்தாள்.

"நீங்க கரண்ட் வேலைக்கு வந்தவரா?"

பிறந்ததிலிருந்து அம்மா அவனை 'நீங்க' என்று சொன்னதில்லை.

"இல்லம்மா, நான்தான். உங்க சின்னவன்."

"சும்மா கதை விடாதீங்க." அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, புதியவர்கள் தப்பாகப் பேசினால் மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. "எனக்கு என் பிள்ளையைத் தெரியாதா? சின்னவன் கண்ணாடி போட்டிருப்பான். மூணு வேளையும் அவன்தான் வருவான். இப்ப வர்ற நேரந்தான்."

சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டியை அவள் உதட்டருகே கொண்டுபோனான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். பெயர் அவனுடையது. அந்தப் பெயருக்குள் இருந்த முகம் அண்ணனுடையது. இதற்குப் பொறாமைப்பட வேண்டியது யார் என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் பட்டான், அந்த அறையிலிருந்து கூடத்துக்கு நடந்த பத்தடிக்கும் பட்டான். அவன் வராத ஒவ்வொரு வேளையும் இங்கே ஒருவன் அவனாக இருந்திருக்கிறான். அவனைவிட நன்றாக இருந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அண்ணனின் பொருட்கள் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. கைக்கடிகாரம், மோதிரம், கண்ணாடி. அவன் உறையைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்தபோது அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் வந்து உறையை அவன் கையிலிருந்து வாங்கி மூடிவைத்தாள். அவன் டேப் வளையத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

அறை ஆடியது. அண்ணனுக்குப் பார்வை இவ்வளவு மோசமா? கதவு எங்கே, கட்டில் எங்கே என்று சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் போக முடிந்தது. நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். எதிரில் அம்மா ஒரு மங்கலான வெளிச்சமாக இருந்தாள்.

"வந்துட்டேன்மா."

"எங்கடா போனே இவ்வளவு நேரம்?" குரலே மாறிவிட்டது. "யாரோ ஒருத்தர் வந்து உன் பேரைச் சொல்லி என்னை ஏமாத்தப் பாத்தார்டா."

"போயிட்டார்மா. வாயைத் தொறங்க."

கரண்டி அவள் கன்னத்தில் இடித்தது. "பாத்துடா" என்று அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். இரண்டாவது கரண்டிக்கும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் சூடாக இருந்தன. கிண்ணம் காலியாகும்வரை அவன் காத்திருந்தான். மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டும் காத்திருந்தான். துண்டு சரியாக மடிக்கவில்லை என்றாள், மழை வருமா என்றாள். பெரியவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நர்ஸ் காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "எப்படி சார்?" என்றாள்.

"சாப்பாட்டு வேளைக்கு நான் வந்துடறேன். மூணு வேளையும். மத்ததெல்லாம் இதோ எழுதியிருக்கு, எடுத்துத் தரேன்." நகர்ந்தவன் திரும்பினான். "உங்களுக்குக் காபியா, டீயா?"

"டீ சார்" என்றாள் நர்ஸ், ஒன்றும் புரியாமல்.

தன் மடிக்கணினியில் இருந்த பதினான்கு பக்கத்தைச் சேமிக்காமல் மூடினான். அண்ணனுடையதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். மூல ஃபைலில் உணவு என்ற தலைப்பைத் தேடிப் போனான். பத்து நிமிடம் கழித்து மீண்டும் முயலவும் என்ற வரியை அழித்துவிட்டு, 'உணவை மகன் வந்து கொடுப்பார்' என்று எழுதினான். அதற்குக் கீழே அண்ணனின் குறிப்புகள் இருந்தன. 'பெரியவன் எங்கே என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை' என்ற வரியின் முடிவில் கர்சரைக் கொண்டுபோய் வைத்தான். அது அங்கே நின்று விட்டுவிட்டு மின்னியது. சமையலறையில் அண்ணி டீக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது.

புது வரிக்குப் போய் இரண்டு சாய்கோடுகளைத் தட்டினான். பிறகு ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அடித்தான்.

'// இன்றைக்குக் கேட்டாள்.'

மஞ்சள் காகிதத்தில் இருந்த கட்டளையை மறுபடி ஓட்டினான். நான்கு நொடி. ஒன்பது பக்கம்தான் வந்தது.